ஓட்டில் 1865 என்று இருந்தால் அதன் வயது அதுதானா?

கேள்வி: பழைய முத்திரைச் செங்கல், ஓடுகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். பொள்ளாச்சியில் பழைய மரம், ஓடு விற்கும் கடையில் ஓர் ஓடு பார்த்தேன். அடிப்பக்கத்தில் ‘பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், ஃபெரோக், 1865’ என்று ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து. “நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு” என்று கடைக்காரர் 600 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? கனடாவில் இருக்கும் தம்பிக்கும் ஒன்று அனுப்ப ஆசை.

பதில்: அந்த விலைக்கு வாங்காதீர்கள். 1865 அந்த ஓட்டைச் சுட்ட வருஷம் இல்லை. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் மங்களூரில், நேத்ராவதி ஆற்றங்கரையில் ஓட்டு ஆலை தொடங்கிய வருஷம் அது. நிறுவனம் பிறந்த வருஷத்தை அச்சிலேயே வெட்டிவிடுவார்கள், பிறகு எத்தனை ஆண்டு கழித்து அழுத்தினாலும் அதே எண்தான் விழும். மங்களூரின் இன்னொரு ஓட்டு நிறுவனமான அல்புகர்க்கின் ஓடுகளில் வரும் 1868-உம் இப்படித்தான்.

வயதைச் சொல்வது ஊர்ப்பெயரும் முதலாளியின் பெயரும். கோழிக்கோட்டை அடுத்த ஃபெரோக்கில் மிஷன் ஆலை வந்ததே 1905-இல்தான். முதல் உலகப் போரின்போது அரசாங்கம் மிஷனின் தொழிற்சாலைகளைக் கைப்பற்றியது, 1919-இல் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகவே உங்கள் ஓடு பெரும்பாலும் இந்தப் பதினான்கு வருஷத்துக்குள் சுட்டதாக இருக்கும். ‘காமன்வெல்த்’ என்று இருந்தால் அதற்கும் பிந்தியது. ஒரே கூரையில் இரண்டும் கலந்து கிடைக்கும். ஓடு உடையும்போதெல்லாம் கைக்குக் கிடைத்ததைச் சொருகியிருப்பார்கள், அதனால் ஓட்டை வைத்து வீட்டுக்கு வயது சொல்ல வேண்டாம்.

செங்கல்லுக்கு வழி வேறு. ஓடு ரயிலிலும் கப்பலிலும் தூரம் போகும், செங்கல் கனம், வண்டி போகிற தூரத்துச் சூளையிலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்கும். அதில் இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் அந்த வட்டாரத்துச் சூளைக்காரக் குடும்பங்களையும் வயதான கொத்தனார்களையும் கேளுங்கள். பழைய கொதிகலன்களை உடைக்கும் இடத்தில் வெளிறிய நிறத்துச் சூடுதாங்கிக் கல் (கடும் வெப்பம் தாங்கும் செங்கல்) கிடைத்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்காட்லாந்தின் கிளென்பாய்க் ஊர்க் கற்கள் உலகம் முழுக்கப் போனவை.

சரி, கடையில் என்ன பார்க்க வேண்டும்? ஓட்டை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் முழுசு, ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல். எழுத்துகள் ஓரம் மழுங்காமல் இருக்க வேண்டும். பாசியை நனைத்த தேங்காய் நாரால் தேய்த்தாலே போகும். ஆசிட்டும் கம்பி பிரஷும் எழுத்தையே தின்றுவிடும், தயவுசெய்து வேண்டாம். எந்த ஊரில் எந்த வீட்டை இடித்தபோது வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால், சேகரிப்பவருக்கு ஓட்டைவிட அந்த ஒரு வரிதான் பெரிய சொத்து. அது இல்லாத ஓட்டுக்குக் கூரை ஓட்டின் விலைக்கு மேல் கொஞ்சம்தான் கொடுப்பேன்.

தம்பிக்கு அனுப்புவது நடக்காது. கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த, நூறு வருஷத்துக்குக் குறையாத பொருளும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்தான். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. எழுத்தின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்துப் படி எடுங்கள். ஃபோட்டோவில் தெரியாத எழுத்துகூட அதில் எழும்பி வரும். அதைத் தபாலில் அனுப்பலாம்.