ஓராண்டு மௌனமும் ஒரு சின்னானும்

கேள்வி: நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு ஏற்காட்டு மலையில். அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. கல்லூரியில் சேர்ந்த புதிதில் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஓராண்டு ஒரு வரிகூட எழுதாமல், மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிறகு துணிந்து, பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்ட் தளத்தில் பட்டியல் இடத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள பாறைச் சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னானை (புல்புல் வகைப் பறவை) பார்த்ததாக ஒருநாள் பதிந்தேன். எப்படி அடையாளம் கண்டீர்கள், படம் இருக்கிறதா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. படம் இல்லை. என்ன செய்வது என்று குழுவில் கேட்டேன். மூத்தவர் ஒருவர், “முதலில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாம்மா, பட்டியல் பிறகு போடலாம்” என்று எல்லோரும் பார்க்க எழுதினார். பலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இரண்டு மாதமாக நான் எங்கும் எதுவும் எழுதவில்லை. இப்போது எங்கள் பேராசிரியை, இணையக் குழுக்களில் பங்கேற்ற அனுபவத்தைப் பத்துப் பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பேசாமல் இருந்த ஓராண்டைப் பங்கேற்பு என்று எழுதலாமா? அந்தத் தவறான பதிவை அழித்துவிடட்டுமா? அவமானப்பட்டதை எழுதலாமா? “முகம் தெரியாதவர்களுக்காகக் குருவி எண்ணுகிறாயே” என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, ஏற்காடு

பதில்: நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வரிசையை மாற்றிக்கொண்டு அந்தப் பதிவிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை அதைச் சுற்றித்தான் நிற்கின்றன.

அழிக்க வேண்டாம். முதலில், “தவறான பதிவு” என்று நீங்களே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அது தவறு என்று யாரும் நிறுவவில்லை. அது சரி என்று நீங்களும் இன்னும் நிறுவவில்லை, அவ்வளவுதான். மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளையும் அவற்றின் புதர்ச் சரிவுகளையும் விட்டு உலகில் வேறெங்கும் வாழாத பறவை. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன் 1845-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அது அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பாறைச் சரிவில் பார்த்தேன் என்று நீங்கள் சொல்வது பொருந்தாத செய்தி அல்ல. ஆனால் அதே மாதிரிப் புதர்களில் வெண்புருவச் சின்னானும் திரிகிறது, அதற்கும் வாலடி மஞ்சளாகவே இருக்கும், வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் புருவத்தின் வெண்மை கண்ணில் படாமலே போகக்கூடும். அரிய பறவையின் பெயர் ஒன்று பட்டியலில் வந்தால், அந்த வட்டாரத்துக்கென்று வைத்திருக்கும் சல்லடையில் அது தானாகவே தங்கிவிடும். பிறகு தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்து, பதிந்தவருக்கு அந்த மின்னஞ்சலை எழுதுவார். நாற்பது ஆண்டுகள் பறவை பார்த்தவருக்கும் அதே கடிதம்தான் போகும்.

சான்று கேட்பது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. 1929-ல் தொடங்கிய வெர்னே ஆய்வுக் குழு கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் வந்தது. அந்தக் காலத்தில் சான்று என்றால் சுட்டு வீழ்த்திய பறவையின் பதப்படுத்திய தோல். இன்று உங்களிடம் கேட்கப்படுவது ஒரு படம், அல்லது அலைபேசியில் பதிந்த குரல், அதுவும் இல்லையென்றால் கண்டதைக் கண்டபடி எழுதிய நான்கு வரி. பறவையின் பக்கம் நின்று பார்த்தால் காலம் எவ்வளவோ நல்லதாகிவிட்டது.

ஆகவே அந்த மின்னஞ்சலுக்கு இப்போதாவது பதில் எழுதுங்கள். எத்தனை மணி, எவ்வளவு தொலைவு, வெயில் எந்தப் பக்கம், மஞ்சள் நிறம் தொண்டையில் இருந்ததா வாலடியில் மட்டும் இருந்ததா என்பதை நினைவில் உள்ளபடி சொல்லுங்கள். தொண்டையை உறுதியாகப் பார்த்ததாக உங்களுக்கே தோன்றவில்லையென்றால், பதிவை “சின்னான் இனம்” என்று திருத்திவிடுங்கள். இனம் தெரியாத சின்னானைக் குறிப்பதற்கென்றே அந்தத் தளத்தில் ஓர் இடம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கும் அமைப்பு, என் அனுபவத்தில், அபூர்வம்; நம் தேர்வுத் தாள்களில்கூட அது கிடையாது. நீங்கள் திருத்தாமல் விட்டாலும் உறுதிசெய்யப்படாத பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். பொதுத் தரவில் மட்டும் சேராது. யாரும் உங்கள் நோட்டைக் கிழித்துப் போடவில்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், உங்கள் கடிதத்தில் அந்த மின்னஞ்சலும் மூத்தவரின் பேச்சும் ஒரே காயமாக ஒட்டிப்போயிருப்பதுதான். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மின்னஞ்சல் எழுதியவர், உங்களை ஒருமுறையும் பார்த்திராதவர், உங்கள் வரியை ஊன்றிப் படித்து, அது மெய்யாக இருந்தால் முக்கியமான செய்தி என்று கருதி, நேரம் செலவிட்டுக் கேட்டிருக்கிறார். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவராக எண்ணப்பட்டது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன். மூத்தவர் பறவையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. வெண்புருவச் சின்னானோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதைப் படிக்கும் அத்தனை பேருக்கும் அது பயன்பட்டிருக்கும். அவர் எழுதியது யாருக்கும் பயன்படவில்லை. அறிவு மிகுந்தவர் பொறுமை குறைந்தவராகவும் இருப்பது எல்லாத் தொழிலிலும் உண்டு. சிரிப்புப் பொம்மை போட்டவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த இரண்டு சின்னான்களையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி, மௌனம். நான் சேலத்தின் குகை என்ற பகுதியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். பத்து வயதில் தார் (ஊடைநூல் குழல்) சுற்ற உட்கார வைத்தார்கள். குழித்தறியில் கால் நீட்டி மிதிக்க விட்டபோது எனக்குப் பதினாறு ஆகியிருந்தது. நடுவில் இருந்த ஆறு ஆண்டுகள் நான் நெசவில் பங்கேற்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் என் பாட்டி சண்டைக்குப் போயிருப்பார். விடியற்காலையில் பாவடித் திடலில் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டு நீவும்போது, தெருவில் இருக்கும் சிறுவர்கள் எல்லோரும் ஓரமாக நிற்போம். எங்களுக்கு வேலை ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆனால் எந்தக் கை எப்போது எங்கே போகிறது, அறுந்த இழையை எப்படி முறுக்கி இணைக்கிறார்கள், யாருடைய பாவு என்று பாராமல் கண்ணில் பட்டவரே ஏன் இணைத்துவிடுகிறார் என்பதெல்லாம் அந்த ஓரத்தில் நின்றபோது உள்ளே போனவைதான்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-ல் இதையே ஒரு கருத்தாக முன்வைத்தார்கள். லைபீரியாவின் தையற்காரர்களிடம் தொழில் பழகும் பிள்ளைகள் பித்தான் தைப்பது, ஓரம் மடித்து அடிப்பது போன்ற கடைசிக்கட்ட வேலைகளில் தொடங்கி, துணியை வெட்டும் வேலைக்குக் கடைசியில்தான் வந்து சேர்கிறார்கள் என்பது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. ஓரத்தில் நிற்பது வெளியே நிற்பதாகாது, அது உள்ளே வரும் வழி என்பது அவர்கள் வாதத்தின் சாரம். உங்கள் பேராசிரியைக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். கட்டுரையில் இடம் கொடுங்கள். இணையக் குழுக்களில் தொண்ணூறு பேர் படிக்க மட்டுமே செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் கணக்கல்ல அது. ஆனாலும் நீங்கள் ஓராண்டு இருந்த இடத்தில் கூட்டம் அதிகம் என்பதற்கு அது போதும்.

ஆனால் ஒன்றை நீங்கள் கட்டுரையில் மறைக்கக் கூடாது. உங்களிடம் இரண்டு மௌனங்கள் இருக்கின்றன. முதல் ஓராண்டு மௌனத்தில் நீங்கள் வளர்ந்தீர்கள். அதற்குச் சான்று, அதன் முடிவில் தனியாகச் சரிவேறிப் போய் ஒரு சின்னானைப் பார்த்து நின்று யோசித்தது. கடந்த இரண்டு மாத மௌனம் அச்சத்தால் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பெயர்ப் பட்டியலில் இருக்கிறார், எதுவும் எழுதவில்லை, அவ்வளவே. உள்ளே நடப்பது முற்றிலும் வேறு என்பதைச் சொல்லக்கூடியவர் அதை அனுபவித்தவர்தான். பத்துப் பக்கத்தில் ஐந்து பக்கம் இதற்கே கொடுக்கலாம். இணையம் மாணவர்களை இணைக்கிறது, அறிவைப் பெருக்குகிறது என்ற பொதுவான வாக்கியங்களைப் படித்துப் படித்து உங்கள் பேராசிரியைக்கு அலுத்துப்போயிருக்கும்.

அவமானத்தை எழுதலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எழுதலாம், எழுதும்போது மூத்தவரின் பெயரையோ அடையாளம் காட்டும் விவரத்தையோ தர வேண்டாம், குழுவின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) ஒட்ட வேண்டாம், வேறு யாருடைய சொல்லையாவது அப்படியே எடுத்தாள விரும்பினால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூடிய குழுவில் பேசியது சந்தையில் பேசியதாகாது. அதோடு, உங்கள் பட்டியல்களையே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியலில் எத்தனை இனம், கடைசிப் பட்டியலில் எத்தனை, நடுவில் எந்தப் பறவையை எத்தனை முறை பெயர் மாற்றினீர்கள் என்று பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ‘வரலாறு’ என்று ஒரு பக்கம் உண்டு. யார் எதை எழுதினார், யார் எதை நீக்கினார் என்பதெல்லாம் அதில் கிடக்கும். 2003-ல் தொடங்கிய அந்தத் தளத்தில் பொதுவாகப் பேசிக்கொள்ளும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். உங்கள் பட்டியல்கள் உங்களுக்கான வரலாற்றுப் பக்கம். திருத்தங்கள்தான் அதில் படிக்கத் தகுந்த பகுதி.

ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பட்டியலில் இடமும் நேரமும் பெயரும் வெளியே தெரியும். நாள்தோறும் ஒரே வழியில் ஒரே வேளையில் தனியாக நடக்கும் பெண், அதை உலகுக்கு எழுதி வைக்கத் தேவையில்லை. பெயரை மறைத்துக்கொள்ளும் வசதி தளத்தில் இருக்கிறது. பட்டியலை உடனே ஏற்றாமல் சில நாள் கழித்து ஏற்றலாம். கூடு கண்ட இடத்தை எந்தக் குழுவிலும் சொல்லாதீர்கள்.

குழுவுக்குத் திரும்புவதா என்றால், திரும்புங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். “அன்று கேட்ட சின்னானைப் பற்றி: தொண்டையைத் தெளிவாகப் பார்க்கவில்லை, ‘சின்னான் இனம்’ என்று திருத்திவிட்டேன், மறுபடியும் அதே சரிவுக்குப் போய்க் குரலைப் பதிய இருக்கிறேன்” என்று மூன்று வரி போதும். (தெளிவாகப் பார்த்திருந்தால் அதற்கேற்ப எழுதுங்கள்.) அதற்கும் கேலி வந்தால் குழுவை விட்டு வெளியேறிவிடுங்கள், பறவை பார்ப்பவர்களுக்கு ஒரே குழுதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கான கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் துறையிலேயே நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் ஒரு காலைப்பொழுது நின்றால் அதுவும் ஒரு குழு.

அப்பாவின் கேள்வி எளிதானதல்ல. அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எண்ணிக்கையைச் சொல்லிப் பார்க்கலாம்: இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் வெளியான அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது; அதற்கு அடிப்படையாக இருந்தவை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள். அவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. முகம் தெரியாதவர்களுக்காக முகம் தெரியாதவர்கள் எண்ணியதுதான் அது. இந்தக் கணக்கு அவருக்கு நிறைவளிக்குமா என்பது எனக்கு ஐயமே. அவருடைய மகள் அலைபேசியைப் பார்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறாள், எங்கோ இருப்பவர்களுக்குச் செய்தி சொல்கிறாள், அவர்களில் ஒருவர் திட்டியதும் முகம் வாடித் திரும்புகிறாள். அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான். அத்தனை ஆண்டு சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவில் வேலை செய்தவருக்கு, எந்தக் குருவி எந்த மாதத்தில் எந்தப் பழத்துக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்திருக்கும். அந்த அறிவு எந்தப் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் யாரும் அவரைக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சரிவுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பட்டியலில் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் இடத்தில் இரண்டு என்று போடுங்கள். சின்னான் குரல் கேட்டால் உங்கள் தோட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டு, குறிப்புப் பகுதியில் எழுதி வையுங்கள். உங்கள் கடிதத்தில் புத்தகப் பெயர் இருக்கிறது, தோட்டத்துப் பெயர் மட்டும் இல்லை. தெரிந்துகொண்டதும் எனக்கும் எழுதுங்கள்.