பெல் விடுதியும் ஸ்டில்டன் சீஸும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன ஞாயிறு பக்கத்தில் ஸ்டில்டன் என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெல் என்று ஒரு பழைய பப். சுவரில் 1642 என்று இருந்தது. நீலக் கோடுகள் ஓடும் பாலாடைக்கட்டியான ஸ்டில்டன் சீஸ் பேர்வாங்கியது இந்தப் பப்பால்தான் என்றார் மருமகன். ஆனால் சட்டப்படி அந்தச் சீஸை இந்த ஊரில் செய்யவே கூடாதாம்! அப்படியானால் பெயரே பொய்தானே? குடிக்கிற இடத்தை ஏன் இப்படிப் போற்றுகிறார்கள் என்பதும் புரியவில்லை.

சி.

அன்புள்ள சி.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெல் குடிப்பதற்கென்று மட்டும் எழுந்த இடமல்ல. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் பழைய பெருவழி அதன் வாசலில்தான் போனது. களைத்த குதிரையை அவிழ்த்து வேறு குதிரை பூட்டுவார்கள். பயணிகள் சாப்பிடுவார்கள், இரவு தங்குவார்கள். கட்டடத்தில் ஒரு வளைவு வாசல் இருக்கிறதே, வண்டிகள் முற்றத்துக்குள் போன வழி அது.

18ஆம் நூற்றாண்டில் அதை நடத்திய கூப்பர் தார்ன்ஹில்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1745இல் 500 கினி (அந்தக்கால இங்கிலாந்துத் தங்க நாணயம்) பந்தயம் ஒன்று கட்டினார். ஸ்டில்டனிலிருந்து லண்டன், திரும்ப ஸ்டில்டன், மறுபடி லண்டன், எல்லாம் 15 மணி நேரத்துக்குள். மொத்தம் 213 மைல். குதிரை மாற்றி மாற்றி ஓட்டி 12 மணி 17 நிமிடத்தில் முடித்துவிட்டார்! உடல்வலு மட்டும் இருந்தால் இது நடக்காது. எங்கே எந்தக் குதிரை தயாராக நிற்க வேண்டும் என்று அந்தச் சாலையை அணுஅணுவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சீஸை ஊரறியச் செய்தவரும் இவரே என்பார்கள். லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த பிரான்செஸ் பாலெட் என்ற பெண்மணியிடமிருந்து வரவழைத்துப் பெல்லில் விற்றாராம். ஆனால் அதற்கு முன்பே, 1724இல் வெளிவந்த பயண நூலில், ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ ஸ்டில்டனைச் சீஸுக்குப் பேர்போன ஊர் என்று எழுதிவிட்டார். சீஸைச் சுற்றி மொய்க்கும் புழுக்களைத் தின்னத் தனியாகக் கரண்டி தருவார்கள் என்றும் சேர்த்திருக்கிறார். வண்டியில் வந்தவர்கள் இங்கே வாங்கினார்கள், இந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே ஊரூராகக் கொண்டுபோனார்கள். அது எப்படிப் பொய்ப்பெயர் ஆகும்?

சட்டம் 1996இல் வந்தது. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் என்ற மூன்று மாவட்டங்களில் செய்தால்தான் அது ஸ்டில்டன். கிராமம் இருப்பதோ கேம்பிரிட்ஜ்ஷயரில். எங்களையும் சேருங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள், அரசு மறுத்துவிட்டது. போலிகளைத் தடுக்கச் சட்டம் தேவைதான். ஆனால் பெயர் கொடுத்த ஊரையே வெளியே நிறுத்தியது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஊர் பட்டது கொஞ்சமல்ல. ரயில் வந்து குதிரை வண்டிகளை நிறுத்தியது. அப்புறம் கார்கள் வந்து கொஞ்சம் உயிர் கொடுத்தன. 1950களின் கடைசியில் புறவழிச்சாலை போட்டதும் அதுவும் போயிற்று. ஆள்வரத்து வேண்டுமே என்று, சீஸ் வடிவத்தில் மரத்துண்டு செய்து தெருவில் உருட்டும் போட்டியை மே மாதத்தில் நடத்தத் தொடங்கினார்கள். பெல்லும் பாழடைந்து, பிறகுதான் புதுப்பிக்கப்பட்டது.

மறுபடி போனால் எதிர்ப்பக்கம் நின்று தெருவைப் பாருங்கள். அத்தனை சின்ன ஊருக்கு அத்தனை அகலமான தெரு. வடக்கிலிருந்து ஓட்டிவந்த மாட்டு மந்தைகளும் லண்டன் வண்டிகளும் போன தெரு அது.