மோல் கணக்கும் வளைந்த அம்பும்: ப்ரீ-பார்மசி மாணவர்களின் கெமிஸ்ட்ரி கேள்விகள்

அமெரிக்காவில் பார்மசிஸ்ட் ஆக ஃபார்ம்.டி. பட்டம் வேண்டும். பெரும்பாலும் அது நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் சேருவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு கல்லூரிப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத்தான் ப்ரீ-பார்மசி என்கிறார்கள். ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், இரண்டுக்கும் லேப், சில இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் உண்டு. பிகேட் என்ற நுழைவுத் தேர்வு 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டதால், இந்தப் பாடங்களில் வாங்கும் கிரேடுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அதனால் இந்த முறை கெமிஸ்ட்ரி பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மகன் ப்ரீ-பார்மசி முதல் வருடம். ஹைஸ்கூல் கெமிஸ்ட்ரியில் எப்போதும் ‘ஏ’ வாங்கியவன், கல்லூரியில் முதல் மிட்டெர்மில் 58 வாங்கியிருக்கிறான். “எல்லாம் புரியுதும்மா, பரீட்சையிலதான் வரமாட்டேங்குது” என்கிறான். நிஜமாகவே அவ்வளவு கடினமா?
(வாசகி, டாலஸ்)

பதில்: உங்கள் மகன் சொல்வது சாக்கு அல்ல. பேராசிரியர் போடும் கணக்கைப் பார்க்கும்போது புரிவதும், வெற்றுத்தாளில் தானே போடுவதும் வெவ்வேறு திறமைகள். ஹைஸ்கூலில் ஒரு கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு படிதான். கல்லூரியில் ஒரே கேள்விக்குள் நான்கைந்து படிகள் இருக்கும், எந்தப் படி முதலில் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஆஸ்பிரின் தயாரிப்பையே பார்ப்போம். 2.00 கிராம் சாலிசிலிக் அமிலத்தோடு 5.0 மி.லி. அசெட்டிக் அன்ஹைட்ரைடு சேர்க்கிறோம், கடைசியில் 2.05 கிராம் ஆஸ்பிரின் கிடைக்கிறது. விளைச்சல் எத்தனை சதவீதம்? சாலிசிலிக் அமிலத்தின் மோலார் எடை 138.12, ஆக 0.0145 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு). அன்ஹைட்ரைடு மி.லி.யில் இருக்கிறது, எனவே முதலில் அடர்த்தியால் (1.08) பெருக்கி 5.4 கிராம் என்று ஆக்கி, பிறகு 102.09-ஆல் வகுக்க வேண்டும்: 0.053 மோல். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று வினைபுரிவதால் முதலில் தீர்ந்துபோவது சாலிசிலிக் அமிலம். அதன் மோலை ஆஸ்பிரினின் 180.16-ஆல் பெருக்கினால் 2.61 கிராம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது 2.05. விளைச்சல் 78.6 சதவீதம்.

இதில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் எல்லா வகுப்பிலும் ஒன்றுதான். 5.0 மி.லி.யை 5.0 கிராம் என்று எடுத்துக்கொள்வார்கள். மோலை ஒப்பிடாமல் கிராமை ஒப்பிட்டு, எடை குறைவானதுதான் முதலில் தீரும் என்று முடிவு கட்டுவார்கள். இந்தக் கணக்கில் அப்படிச் செய்தாலும் விடை சரியாக வந்துவிடும். ஆபத்தே அதுதான், அடுத்த கணக்கில் அதே பழக்கம் கவிழ்த்துவிடும். இன்னும் சிலர் நடுவிலேயே எண்களைச் சுருக்கிவிட்டு, கடைசி விடை ஒரு சதவீதம் தள்ளிப்போவதைப் பார்த்துக் குழம்புவார்கள்.

அந்த 58 வாங்கிய தாளை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதட்டும்: விஷயமே தெரியவில்லையா, படி தவறிவிட்டதா, கூட்டல் கழித்தல் பிழையா? படி தவறியதுதான் அதிகம் என்றால் பாடத்தை மறுபடி வாசிப்பதில் பயனில்லை, கணக்குப் போட வேண்டும். வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே இரண்டு மணி நேரம் என்பது கல்லூரிகள் வழக்கமாகச் சொல்லும் அளவு. 3 கிரெடிட் வகுப்புக்கு வாரம் 6 மணி நேரம், லேப் ரிப்போர்ட் தனி. விடைத்தொகுப்பை மூடி வைத்துக்கொண்டு போட்ட நேரத்தை மட்டும் கணக்கில் சேருங்கள். பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது “புரியவில்லை” என்று வெறுங்கையோடு போகாமல், எந்த வரியில் நின்றுபோனதோ அதுவரை போட்ட கணக்கோடு போகட்டும்.

கேள்வி: ஜெனரல் கெமிஸ்ட்ரி முதல் பாகத்தில் ‘பி பிளஸ்’. இரண்டாம் பாகத்தில் பஃபர் கணக்கு எதுவும் சரியாக வரவில்லை. ஃபார்முலா மனப்பாடம்.
(மாணவி, நியூ ஜெர்சி)

பதில்: ஃபார்முலா மனப்பாடமாக இருப்பதால்தான் சிக்கல், அதை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறீர்கள். பஃபர் என்பது பிஹெச் அதிகம் மாறாமல் தாங்கும் கரைசல். அதில் வலுவான அமிலத்தையோ காரத்தையோ ஊற்றினால் முதலில் நடப்பது முழு வினை. அதை மோலில் முடித்த பிறகுதான் ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு: பிஹெச் = பிகேஏ + லாக் (காரம்/அமிலம்). பிகேஏ என்பது அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், அது குறைந்தால் வலிமை அதிகம்.

100 மி.லி. பஃபரில் அசெட்டிக் அமிலமும் சோடியம் அசெட்டேட்டும் தலா 0.20 மோலார், அதாவது தலா 0.020 மோல். அதில் 0.50 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10.0 மி.லி. ஊற்றுகிறோம், அது 0.005 மோல். அந்த 0.005 அசெட்டேட்டைத் தின்று அசெட்டிக் அமிலமாக்கிவிடும். அசெட்டேட் 0.015 ஆகக் குறைகிறது, அமிலம் 0.025 ஆக ஏறுகிறது. விகிதம் 0.60, அதன் லாக் மைனஸ் 0.22. பிகேஏ 4.76-இலிருந்து 0.22-ஐக் கழித்தால் பிஹெச் 4.54. மொத்தக் கன அளவு 110 மி.லி. ஆனது விகிதத்தில் அடிபட்டுப்போகும். ஒவ்வொரு கணக்கிலும் “முன், மாற்றம், பின்” என்று மூன்று வரி அட்டவணையை மோலில் எழுதிவிட்டு அப்புறம் லாக் பொத்தானைத் தொடுங்கள்.

இந்தப் பாடத்தை எப்படியோ தேறிவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பிரினின் பிகேஏ ஏறக்குறைய 3.5. பிஹெச் 1.5 உள்ள இரைப்பையில் அதில் 1 சதவீதம் மட்டுமே அயனியாக இருக்கும், பிஹெச் 7.4 உள்ள ரத்தத்தில் அநேகமாக முழுவதும் அயனி. மருந்து எந்தச் சவ்வைத் தாண்டும், சிறுநீரில் எப்படி வெளியேறும் என்பதெல்லாம் இதே சமன்பாட்டில்தான் நிற்கிறது. ஃபார்ம்.டி. போனதும் இது கண்டிப்பாகத் திரும்பி வரும்.

கேள்வி: ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முழுக்க மனப்பாடம் என்கிறார்கள் சீனியர்கள். முந்நூறு ரியாக்‌ஷன் அட்டை எழுதிவிட்டேன். தேர்வில் எதுவும் கைகொடுக்கவில்லை.
(மாணவர், சிகாகோ)

பதில்: அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம், அவற்றின் முறை இரண்டாவது. முதலில் கைக்கு வர வேண்டியது வளைந்த அம்பு. அம்பு எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்கி, எலக்ட்ரான் போகும் இடத்தில் முடியும். தனி ஜோடியிலிருந்தோ பிணைப்பிலிருந்தோதான் அது கிளம்ப முடியும். ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு கிளம்பினால் அது தவறு, அதனிடம் கொடுக்க எலக்ட்ரானே இல்லை. ஒவ்வொரு அம்பு போட்ட பிறகும் கார்பனைச் சுற்றிப் பிணைப்புகளை எண்ணுங்கள். ஐந்து வந்தால் உடைய வேண்டிய ஒன்றை உடைக்க மறந்திருக்கிறீர்கள்.

முதல் செமஸ்டரில் மதிப்பெண்ணை அதிகம் விழுங்குவது எஸ்என்1, எஸ்என்2 (பதிலீட்டு வினைகள்), இ1, இ2 (நீக்க வினைகள்) நான்கில் எது என்று தீர்மானிக்கும் கேள்விகள். வரிசையாகக் கேளுங்கள்: வெளியேறும் அணு தொங்கும் கார்பன் எத்தகையது? வருவது நல்ல நியூக்ளியோஃபைலா (எலக்ட்ரான் ஜோடி தந்து கார்பனைத் தாக்குவது), வலுவான காரமா? கரைப்பான் எது? சூடு உண்டா? 2-புரோமோபுரொப்பேனோடு சோடியம் சயனைடு, கரைப்பான் டிஎம்எஸ்ஓ என்றால் எஸ்என்2. அதே 2-புரோமோபுரொப்பேனை எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடோடு சூடாக்கினால் பெரும்பகுதி இ2, கிடைப்பது புரொப்பீன். மூன்றாம் நிலை பியூட்டைல் புரோமைடை வெறும் எத்தனாலில் வைத்தால் எஸ்என்1 முன்னிற்கும், கூடவே கொஞ்சம் இ1. அதில் எத்தாக்சைடைச் சேர்த்த உடனே இ2. மூன்றாம் நிலைக் கார்பனில் எஸ்என்2 எழுதுவதுதான் திருத்துபவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை. பின்பக்கம் மூன்று கார்பன்கள் வழியை அடைத்து நிற்கும்போது நியூக்ளியோஃபைல் எங்கே நுழையும்?

இன்னொன்று, பிகேஏ. ஐந்தாறு எண்களை நெட்டுருப் போட்டே ஆக வேண்டும்: அசெட்டிக் அமிலம் 4.76, ஃபீனால் 10, தண்ணீர் 15.7, எத்தனால் 16, அசெட்டிலின் 25, அம்மோனியா 38. இவை தெரிந்தால் ஹைட்ராக்சைடு ஃபீனாலின் ஹைட்ரஜனை எடுத்துவிடும், அசெட்டிலினின் ஹைட்ரஜனை எடுக்காது, அதற்குச் சோடமைடு வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம். இப்படிப் பல அட்டைகள் தேவையற்றுப் போகும்.

ஒரே மூலக்கூறின் கண்ணாடிப் பிம்ப வடிவங்களுக்கு ஆர், எஸ் என்று பெயரிடுவதற்கு மாலிக்யூலர் மாடல் கிட் வாங்கிக்கொள்ளுங்கள், பல தேர்வுகளில் அனுமதிக்கிறார்கள். மிகக் குறைந்த முன்னுரிமை உள்ள அணுத்தொகுதி உங்களை நோக்கி நின்றால் விடையைத் திருப்பிப் போட வேண்டும், அதை மறப்பவர்கள் ஏராளம். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கடையில் விற்கும் ஐபுப்ரொஃபென் மாத்திரையில் இரண்டு வடிவமும் கலந்தே இருக்கும். வலியைக் குறைப்பது எஸ் வடிவம், ஆர் வடிவத்தின் ஒரு பகுதியை உடலே எஸ் ஆக மாற்றிக்கொள்கிறது.

வாரம் 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்கி, தினமும் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் உட்கார்ந்தால் ஆர்கானிக் ஒட்டாது.

கேள்வி: லேபில் ஆஸ்பிரின் விளைச்சல் 119 சதவீதம் வந்தது. மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அதிகம் கிடைத்தால் நல்லதுதானே?
(மாணவி, அட்லாண்டா)

பதில்: 100-க்கு மேல் போன பகுதி ஆஸ்பிரின் அல்ல. ஈரம், அல்லது வினைபுரியாத சாலிசிலிக் அமிலம், அல்லது இரண்டும். புக்னர் புனலில் வடிகட்டிய பிறகு 5, 10 நிமிடம் காற்றை இழுக்க விடுங்கள். முடிந்தால் அடுத்த லேப் வரை உலரவைத்து எடை போடுங்கள். ஃபெரிக் குளோரைடு கரைசல் ஓரிரு துளி விட்டால் ஊதா நிறம் வருகிறதா? வந்தால் சாலிசிலிக் அமிலம் மிச்சமிருக்கிறது. சுத்தமான ஆஸ்பிரின் ஏறக்குறைய 135 டிகிரி செல்சியஸில் உருகும், கலப்பு இருந்தால் அதற்கும் கீழே, நீண்ட இடைவெளியில் உருகும். உருகுநிலை பார்க்கும்போது 120 வரை விரைவாக ஏற்றி, பிறகு மெதுவாக்குங்கள். தொடக்கத்திலிருந்தே மெதுவாகப் போனால் ஆஸ்பிரின் சிதையத் தொடங்கும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. 100 மி.லி. தண்ணீரில் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 0.3 கிராம் ஆஸ்பிரின் கரையும். தாராளமாகக் கழுவினால் 2.61 கிராமில் பத்தில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போய்விடும். ஐஸில் வைத்த தண்ணீர் 5 மி.லி. வீதம் இரண்டு முறை போதும். ரிப்போர்ட்டில் 119-ஐ மறைக்காமல் எழுதி, மேலே சொன்ன சோதனைகளோடு காரணத்தைச் சொன்னால் மதிப்பெண் போகாது.

கேள்வி: எஃப்-1 விசாவில் படிக்கிறேன். ஆர்கானிக்கில் ‘சி மைனஸ்’தான் வரும் போலிருக்கிறது. டிராப் செய்யலாமா, எழுதிவிட்டு மறுபடி எடுக்கலாமா?
(மாணவர், ஹூஸ்டன்)

பதில்: முதலில் விசா. இளநிலை மாணவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே பாதிக்கப்படும். டிராப் பொத்தானை அழுத்துவதற்கு முன் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவைப் பாருங்கள், பிறகு அல்ல.

அடுத்து கிரேடு. பல பார்மசி கல்லூரிகள் ‘சி’க்குக் கீழே ஏற்பதில்லை. உங்கள் கல்லூரி பழைய கிரேடை அழித்துப் புதியதைப் போட்டாலும், விண்ணப்பங்களைப் பெறும் ஃபார்ம்காஸ் இரண்டையும் கணக்கில் சேர்க்கும். 1.7 வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்து 3.3 வாங்கினால் அங்கே சராசரி 2.5. டிராப் செய்தால் விழும் ‘டபிள்யூ’வால் ஜிபிஏ (கிரேடு சராசரி) அடிபடாது. 12 கிரெடிட் மிஞ்சுமானால் கடைசித் தேதிக்குள் டிராப் செய்வதே மேல். ஆனால் சிறிய கல்லூரிகளில் ஆர்கானிக் முதல் பாகம் இலையுதிர்ப் பருவத்தில் மட்டும்தான் இருக்கும், ஒரு வருடம் தள்ளிப்போகுமா என்று அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் ஆர்கானிக்கை முடிக்கலாமா?
(வாசகர், சான் ஹோசே)

பதில்: சேர விரும்பும் பார்மசி கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்று முதலில் எழுதிக் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். 15 வாரப் பாடம் 5 அல்லது 6 வாரத்தில் அடங்குகிறது. ஒரு நாள் காய்ச்சல் என்றால் வழக்கமான செமஸ்டரில் அரை வாரம் போனதற்குச் சமம். வேறு பாடமும் வேலையும் இல்லாதவர்கள் மட்டும் எடுக்கலாம். ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகத்தில் தடுமாறியவர்களுக்கு வேண்டாம்.

கேள்வி: தமிழ்நாட்டில் நான்கு ஆண்டு பி.ஃபார்ம். முடித்தேன். திருமணமாகி அமெரிக்கா போகிறேன். மறுபடி ஜெனரல் கெமிஸ்ட்ரியிலிருந்தா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வெளிநாட்டுப் பட்டத்தை வைத்தே அங்கே பார்மசிஸ்ட் உரிமம் தேட எஃப்பிஜிஇசி சான்றிதழ் வேண்டும். அதற்கு, 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்து ஆண்டு பார்மசி படித்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு பி.ஃபார்ம். அதில் வராது, ஆறு ஆண்டு ஃபார்ம்.டி. வரும். எனவே உங்கள் வழி அங்கே ஃபார்ம்.டி.யில் சேருவதுதான். பி.ஃபார்மில் படித்த ஆர்கானிக்கையும் பயோகெமிஸ்ட்ரியையும் சில கல்லூரிகள் ஏற்கும், சில கல்லூரிகள் அமெரிக்காவில் படித்த பாடமே வேண்டும் என்று கேட்கும். ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு நேராக வைக்க பி.ஃபார்மில் தனிப் பாடம் இல்லை. முதல் செமஸ்டர் இனார்கானிக்கும் அனாலிசிஸும் அதன் ஒரு பகுதியைத்தான் தொடும். அதனால் அதை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்ல வாய்ப்பு உண்டு. கிளம்புவதற்கு முன் மதிப்பெண் பட்டியல்களோடு எல்லா செமஸ்டர் பாடத்திட்டத்தையும், லேப் மணி நேரம் தெரியும்படி, கல்லூரி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போனபின் அதை அஞ்சலில் வரவழைக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.