முழங்கால் வலிக்கு முடக்கற்றானா, மாத்திரையா?

கேள்வி கேட்டவரின் தாயாருக்கு வயது 62. இரண்டு முழங்கால்களிலும் வலி இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். முடக்கற்றான், மஞ்சள் போன்ற கைவைத்தியமே போதுமா, அல்லது வலி மாத்திரையைத் தினமும் கொடுத்துவிடலாமா என்பது கேள்வி.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. ஆனால் தறி மிதித்துத் தேய்ந்த முழங்கால்களும் களையெடுத்துத் தேய்ந்த முழங்கால்களும் நாள் தவறாமல் படியேறி வரும் கடை என்பதால், யார் எதை வாங்கினார்கள், ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தார்கள் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டின் மேல் வெளியில் போடுபவற்றையும் தொடைத் தசைக்கான பயிற்சியையும் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் வலி மாத்திரை கடைசியில், மருத்துவர் குறித்துக் கொடுத்த சில நாள்களுக்கு மட்டும் வரட்டும். உங்கள் தாயாருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

எதையும் தொடங்குமுன், இது எந்த மூட்டுவலி என்பது தெரிய வேண்டும். படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலித்து, உட்கார்ந்தால் குறைந்து, காலையில் இருக்கும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுமானால் அது பெரும்பாலும் தேய்மானம். அதற்கு மாறாக, விரல் கணுக்களும் மணிக்கட்டும் இரு கைகளிலும் ஒரே சமயத்தில் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, வளையல் ஏறவில்லை, மோதிரம் கழலவில்லை என்று சொல்லும் நிலை வந்தால், அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். இரவோடு இரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கும் வலி, யூரிக் அமிலத்தால் வரும் கௌட். சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் மூட்டுகள் வலிப்பதும் உண்டு. 2006இல் தமிழ்நாட்டில் அந்தக் காய்ச்சல் பரவியபோது ஊர் ஊராக மக்கள் குனிந்தபடி நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தேய்மானத்தில் சில மாதங்கள் ஒத்தடத்தோடு பொறுத்துப் பார்ப்பதால் பெரிய கேடு விளையாது. முடக்குவாதம் அப்படியன்று, அதில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டின் சவ்வைத் தாக்குவதால், கஷாயத்தோடும் எண்ணெயோடும் கழியும் ஒவ்வொரு மாதமும் எலும்பு அரிபடுகிறது, அரிபட்டது திரும்பாது. அதற்கான முதன்மை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். வலி மாத்திரை என்று நினைத்துத் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே என் கடையில் அந்த அட்டையின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதி, வாங்க வந்தவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் அமிலம் வேறொரு கிழமைக்கு உரியது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இவ்வகை நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இனி, உங்கள் தாயாருக்கு இருப்பது தேய்மானம் என்று வைத்துக்கொண்டு கைவைத்தியத்துக்கு வருகிறேன். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், கல்லுப்பு ஒத்தடம், விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிய எருக்கிலை ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து சூடுதான். சூடு பட்டால் இறுகிய தசை தளர்கிறது, விறைப்பு குறைகிறது, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நடை இலகுவாகிறது. அது சிறிய நன்மையன்று. ஆனால் சர்க்கரை நோயாளியின் காலில் உணர்வு மரத்திருக்கலாம். முட்டிக்குக் கீழே இலந்தைப் பழ அளவு கொப்புளத்தோடு வந்து, உப்பு மூட்டை அவ்வளவு சூடாக இருந்தது தனக்குத் தெரியவே இல்லை என்று சொன்ன ஒரு பாட்டிக்கு அந்தப் புண் ஆற நெடுநாள் பிடித்தது. ஒத்தடம் கொடுப்பவர் தம் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தாயாரின் காலில் வைக்க வேண்டும். வீங்கிச் சிவந்து கொதிக்கும் மூட்டுக்குச் சூடு ஆகாது. துணியில் சுற்றிய பனிக்கட்டி வைக்கலாம்.

முடக்கற்றான் கீரையை அரைத்து மாவில் கலந்து தோசை வார்ப்பதிலும் ரசம் வைப்பதிலும் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நாங்களும் வீட்டில் செய்கிறோம். அது நல்ல கீரை. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்த்துவிடும் என்ற நம்பிக்கையில் மற்றவற்றை விட்டுவிடுவதுதான் தவறு. மஞ்சளைப் பற்றிப் பேச்சு அதிகம். அதிலுள்ள குர்குமின் அழற்சியைக் குறைக்கக்கூடியது என்பது உண்மையே. ஆனால் மஞ்சள்தூளில் அது சில சதவீதமே இருக்கிறது, அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சுதல் பல மடங்காகும் என்று 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. அதை வைத்துத்தான் மஞ்சளும் மிளகும் செறிவாக்கிச் சேர்த்த கேப்ஸ்யூல்கள் சந்தைக்கு வந்திருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளால் யாருக்கும் கேடில்லை. இந்தச் செறிவான கேப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது. ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் எண்ணெயும் அப்படித்தான். அதிலிருப்பது ஆஸ்பிரினுக்கு உறவான மெத்தில் சாலிசிலேட். கொஞ்சமாகத் தடவினால் இதமளிக்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஆகாது. குழந்தைகள் சிறிதளவு குடித்துவிட்டாலும் விஷம்.

வெளிப்பூச்சில் நான் மிகவும் மதிப்பது டைக்ளோஃபெனாக் ஜெல். 2022இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு வெளியிட்ட தேய்மான வழிகாட்டியிலும் முழங்காலுக்கு முதலில் தரவேண்டிய மருந்து இந்த வகைப் பூச்சுதான் என்று இருக்கிறது. மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது ஏறத்தாழ 6 சதவீதமே. இருந்தும் ‘பூசினேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் அளவு. ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும், ஒரு நாளில் மூன்று, நான்கு முறை. 30 கிராம் குழாய் இரண்டு முழங்கால்களுக்கு இரண்டு நாளிலேயே தீர்ந்துவிடக்கூடும். நம்மவர்களோ அதே குழாயைப் பட்டாணி அளவாகப் பிதுக்கி ஒரு மாதம் ஓட்டுகிறார்கள். பூசிய இடத்தின் மேல் உடனே ஒத்தடம் கொடுக்கக் கூடாது. அதே வகை மாத்திரையையும் கூடவே விழுங்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு ஏற்கெனவே இருந்தால் ஜெல்லுக்கும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

மாத்திரைகளுக்கு வருவோம். பாராசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்காது, ஆனால் தேய்மான வலியில் அதன் பலன் சிறியது. சிலருக்குக் கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் 3 கிராமோடு நிறுத்துவது நல்லது. இந்தியாவில் விற்கும் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது என்பதைக் கவனியாமல், அதையும் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்து விழுங்குபவர்கள் இரட்டை அளவு எடுக்கிறார்கள்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்ஸிப் ஆகியவை வேறு வகை. வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைத் தக்கவைப்பதும். ஆகவே வலி குறையும்போதே அந்த இரண்டு காவல்களும் தளர்கின்றன. உங்கள் தாயார் எடுக்கும் ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்ட்டன் அல்லது எனலாப்ரில் போன்ற ஒன்றும் சிறுநீர் பிரிக்கும் மருந்து ஒன்றும் அதில் இருந்து, அதோடு தினசரி வலி மாத்திரையும் சேர்ந்தால், சிறுநீரகத்தின் மேல் மூன்று பக்கமும் நெருக்கடி வருகிறது. சர்க்கரையால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகம் அதைத் தாங்காது. எட்டோரிகாக்ஸிப் வயிற்றுக்கு மென்மையானது என்பது சரி. ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதய நோயாளிகளுக்கு ஆகாது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபிகாக்ஸிப் மாரடைப்பை அதிகரித்ததால் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கொடிய சான்று வானத்திலிருந்து கிடைத்தது. அந்த ஊசி போடப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பாறு கழுகுகள், சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளெல்லாம் யூரிக் அமிலம் படிந்து மடிந்தன. கூட்டங்கூட்டமாக இருந்த பறவை இன்று நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. மனிதன் கழுகைவிட அதைத் தாங்கக்கூடியவன்தான். தினமும் தாங்கக்கூடியவன் என்று யாரும் சொல்லவில்லை.

டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் அனைத்தும் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டியவை. சீட்டில் ஐந்து நாளோ ஏழு நாளோ இருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். உணவுக்குப் பிறகு எடுக்கட்டும். இரைப்பைக் காப்புக்கு மருத்துவர் பான்டோபிரசோல் எழுதினால் அதைத் தவிர்க்க வேண்டாம். மலம் தார்போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதைவிட எனக்குக் கோபம் தருவது, அட்டையிலிருந்து பிரித்துக் காகிதப் பொட்டலத்தில் கட்டித் தரும் ‘செட்’ மாத்திரையும், பெயரில்லா டப்பாவில் வரும் ‘மூலிகைப்’ பொடியும். மூன்றே நாளில் வலி மாயமாகிறது என்றால் அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நெசவாளர் அம்மா இப்படி ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, அதேபோல் இருக்கிறதா என்று கேட்டார். கன்னங்கள் வட்டமாக உப்பியிருந்தன, கைகளில் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறக் கன்றல். வலி போய்விட்டது, பசி நன்றாக எடுக்கிறது, சர்க்கரை மட்டும் ஏனோ இறங்கவில்லை என்றார். அவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினேன். மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லவில்லை. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்த உடலில், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் வீட்டில் அத்தகைய பொட்டலம் ஏதும் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கௌட் பற்றி ஒரு செய்தி மட்டும். அதன் கடும் வலிக்குத் தரும் கால்ச்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மூலனூர்ப் பக்கம் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். அதனால் அச்செடியின் கிழங்கான கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கொல்லும் நஞ்சு.

தேய்மானத்தில் எந்த மருந்தையும்விட நீடித்த பலன் தருவது தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்துவதே. கட்டிலில் கால்நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி விடச் சொல்லுங்கள். பிறகு நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி அதேபோல் நிறுத்தட்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். செய்யும்போது சற்று வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாக நின்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரங்கள் ஆகும் என்பதால்தான் பெரும்பாலோர் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். தரையில் சம்மணமிடுவதையும் குந்தி அமரும் கழிப்பறையையும் தவிர்க்கலாம். கைத்தடி பிடிக்க வெட்கப்படாமல் இருந்தால், வலி அதிகமுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கட்டும்.

குருத்தெலும்புக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கு மாதாமாதம் செலவழிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை; 2006இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் மொத்தத்தில் அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. முட்டிக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு உதவும், ஆனால் சில நாள்கள் சர்க்கரை ஏறும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரவிலும் வலியால் உறக்கம் கெட்டு, வீட்டுக்குள் நடப்பதே முடியாமல் போனால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

முதல் முறை மருத்துவரிடம் போகும்போது, சர்க்கரை, அழுத்த மாத்திரைகளின் அட்டைகளையும், இதுவரை கடையில் வாங்கிச் சாப்பிட்ட வலி மாத்திரைகளின் அட்டைகளையும், வீட்டில் கொடுத்த கஷாயப் பொடியையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்று அவர் கட்டாயம் கேட்பார். இடையில் ஏதேனும் ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிக் கொதித்து, காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.