ரம்மியும் மூணு சீட்டும் தெரியும். ஆன்லைன் போக்கர் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் இந்தியாவில் இருந்தால் பணம் கட்டி ஆடுவதை மறந்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பார்க்காமல் ஆன்லைன் பண ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டி இனி வாதாட முடியாது. வெளிநாட்டுத் தளம், விபிஎன் என்று யாராவது டெலிகிராமில் வழி சொன்னால் காதில் வாங்காதீர்கள். போட்ட பணம் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இலவச சிப்ஸ் (பணமில்லாத ஆட்டக் காசு) தரும் ஆப்களே கற்கப் போதும்.

கற்க வேண்டியது டெக்சஸ் ஹோல்டெம். உங்கள் கையில் 2 சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக 5. அந்த ஐந்தில் முதலில் 3 (ஃப்ளாப்), அடுத்து 1 (டர்ன்), கடைசியில் 1 (ரிவர்) என்று திறப்பார்கள். ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. விதி அவ்வளவுதான், அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் தடுமாறுவது கைகளின் வரிசையில். அங்கே ட்ரையோதான் (மூன்றும் ஒரே எண்) ராஜா, சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண்கள்) கலரை (எல்லாம் ஒரே ஜாதி) அடிக்கும். இங்கே தலைகீழ். கலர் (ஃப்ளஷ்) சீக்வென்ஸை (ஸ்ட்ரெய்ட்) அடிக்கும், மூன்று ஒரே எண் இந்த இரண்டுக்கும் கீழே. எது அபூர்வமோ அது மேலே, அதுதான் கணக்கு. மூன்று சீட்டில் வெறும் சீக்வென்ஸ் 720 விதமாக வரும், கலர் 1,096 விதமாக. ஐந்து சீட்டுக்குப் போனால் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108. இந்த வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். ஆன்லைனில் யோசிக்கச் சில நொடிகள்தான் தருவார்கள்.

அப்புறம், கை சரியில்லை என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகப் பழகுங்கள். ரம்மியில் சுமாரான கையையும் சேர்த்துத் தேற்றலாம். இங்கே மாற்றிக்கொள்ள வழியே கிடையாது. ஆறு பேர் மேசையில் ஐந்தில் ஒரு கை, மிஞ்சினால் நான்கில் ஒரு கை ஆடினாலே தொடக்கக்காரருக்குத் தாராளம். இரண்டும் இஸ்பேட் என்று ஒன்பதையும் மூன்றையும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரே ஜாதி இரண்டு சீட்டு இருந்து, ஃப்ளாப்பிலேயே கலர் அமைய வாய்ப்பு 119-இல் ஒன்றுதான். டீலர் பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) உங்களிடம் இருந்தால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம், ஏனென்றால் ஃப்ளாப்புக்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியாக முடிவெடுப்பது நீங்கள்தான்.

அடுத்தது நடுவே வரும் கணக்கு. போக்கரை மற்ற சீட்டாட்டங்களிலிருந்து பிரிப்பது இதுதான் என்பேன். டர்ன் வரை வந்துவிட்டீர்கள், ஆட்டின் கலருக்கு ஒரு சீட்டு குறைகிறது. 13 ஆட்டினில் 4 உங்கள் கண்முன் இருக்கிறது, மீதி 9. பார்க்காத சீட்டு 46. ஆக, ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. பாட்டில் (எல்லோரும் போட்டு நடுவே சேர்ந்த சிப்ஸில்) 100 இருக்கிறது, எதிராளி 50 போடுகிறார். 200 ஆகப்போகும் பாட்டுக்கு நீங்கள் 50 தர வேண்டும், அதாவது கால்வாசி. ஐந்தில் ஒன்று கால்வாசிக்குக் குறைவு, ஆகவே சீட்டைப் போட்டுவிட்டு விலகுங்கள். அவர் 20 மட்டும் போட்டிருந்தால் 140-க்கு 20, ஏழில் ஒன்று. தாராளமாகக் கால் செய்யலாம் (அவர் போட்ட அளவு நீங்களும் போட்டுத் தொடரலாம்). ஒரே சீட்டு, ஒரே ஆசை, ஆனால் விலை மாறியதும் முடிவு மாறுகிறது. பேப்பரில் பத்து இருபது தடவை போட்டுப் பார்த்தால் மனக்கணக்காகிவிடும்.

இலவச மேசைகளில் ஒரு தொல்லை உண்டு. சிப்ஸ் சும்மா கிடைப்பதால் கண்டதற்கும் ஆல்-இன் (கையிலுள்ள சிப்ஸ் மொத்தமும்) போடுவார்கள், யாரும் பயந்து ஓட மாட்டார்கள். அங்கே பிளஃப் செய்வது (நல்ல கை இருப்பதுபோல் காட்டி ஏமாற்றுவது) வீண். நல்ல கை வரும்வரை காத்திருந்து பெரிதாக ஏற்றுங்கள், எப்படியும் யாராவது கால் செய்வார். பிளஃப் பழக வேண்டுமென்றால் நண்பர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துத் தனி மேசை போடுங்கள். பெரும்பாலான ஆப்களில் அந்த வசதி இருக்கிறது.

2003 உலகப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைனில் 86 டாலர் கட்டி நுழைந்து 25 லட்சம் டாலர் வென்ற கதையை உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். அன்று அங்கே ஆடியவர்கள் 839 பேர், அந்தப் பரிசு ஒருவருக்குத்தான்.

உங்கள் ஆப்பில் கை வரலாறு இருந்தால், தோற்ற கைகளை விட்டுவிட்டு ஜெயித்த பெரிய பாட்டுகளைத் திறந்து அந்த நேரத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் கணக்கு தப்பாகவும், அதிர்ஷ்டத்தால் சீட்டு மட்டும் சரியாகவும் வந்திருக்கும்.