முதல் டிராவல் டிரெய்லர்: காரின் கதவுச் சீட்டைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்

கேள்வி: நாங்கள் இருவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். எங்கள் எஸ்யூவி 2,250 கிலோ வரை இழுக்கும். வெற்று எடை 1,900 கிலோ உள்ள புது டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்று பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த டிரெய்லர் வேண்டாம். குடும்பக் கார்களில் இழுவைத் திறனுக்கு முன்பே பெரும்பாலும் சுமைத் திறன் தீர்ந்துவிடும். விற்பவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும்; அதுதான் சுமைத் திறன். உதாரணத்துக்கு 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் 260, காருக்குள் ஏற்றும் சாமான் 80, ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கி அமைப்பு) 40 போனால் மிச்சம் 220. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் வழியாகக் காரின் மேல் இறங்கும். 12 சதவீதம் என்று பார்த்தால், சாமான் ஏற்றிய டிரெய்லர் 1,830 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்ததோ காலியாகவே 1,900.

வெற்று எடையை நம்பித் திட்டம் போடாதீர்கள். பேட்டரி, தண்ணீர், எரிவாயு, பாத்திரம், படுக்கை எல்லாம் அதற்கு மேல்தான். 150 லிட்டர் தண்ணீரே 150 கிலோ. டிரெய்லரில் பொறித்திருக்கும் அதிகபட்ச மொத்த எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். ஹிட்ச்சுக்கும் தனி வரம்பு உண்டு, அதையும் பாருங்கள். எடையைப் பகிரும் ஹிட்ச் பாரத்தின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்குத் தள்ளுமே தவிர, கதவுத் தூணில் ஒட்டிய சீட்டில் உள்ள எண்ணைக் கூட்டாது.

ஹிட்ச் மேல் இறங்கும் எடையைக் குறைக்கச் சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் அடுக்குவது ஆபத்து. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்ட ஆரம்பிக்கலாம். அப்போது கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக் கன்ட்ரோலரால் (ஓட்டுநர் இடத்திலிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள்.

எடை ஒத்துவந்த பிறகு உள்ளமைப்பு. பிள்ளைகளுக்கு நிரந்தர அடுக்குக் கட்டில் இருப்பது நல்லது. சாப்பாட்டு மேசையைத் தினமும் கட்டிலாக மாற்றுவது சீக்கிரம் அலுத்துவிடும். கட்டிலின் நீளத்தை அளந்து, அதன் எடை வரம்பையும் கேளுங்கள். ஸ்லைடு-அவுட் (நிறுத்தியபின் வெளியே நீட்டி இடத்தைப் பெரிதாக்கும் பகுதி) உள்ள மாடலென்றால் அதை உள்ளே இழுக்கச் சொல்லிப் பாருங்கள். வழியில் நிறுத்தும்போது கழிப்பறைக்கும் ஃபிரிட்ஜுக்கும் போக முடியாவிட்டால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

புது டிரெய்லரும் ஒழுகும். கையெழுத்துப் போடும் முன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிப் பம்பைப் போடுங்கள். குழாய்களை மூடியதும் பம்ப் நின்றுவிட வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ஓடினால் எங்கோ கசிகிறது என்று பொருள். சிங்குக்கு அடியில் இணைப்புகளை டிஷ்யூ தாளால் துடைத்துப் பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். கூரைத் துவாரங்களைச் சுற்றிய சீலன்டில் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வெடிப்பு, இடைவெளி கூடாது. டயரின் வயதையும் பாருங்கள்: அதன் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது.

முதல் ஓட்டத்தில் 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். சாமான் ஏற்றியபின் ஒருமுறை எடைமேடையில் நிறுத்தி, கார் அச்சுகளையும் டிரெய்லரையும் தனித்தனியே எடை பாருங்கள்.