செல்லை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்: மானியக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்ஐஎச்) இரண்டு கிளைகளான நைடாவையும் (போதைப்பொருள் ஆய்வு) என்ஐஎம்எச்சையும் (மனநல ஆய்வு) சுற்றியே இருந்தன. எச்ஐவி, மூளை, போதைப்பொருள் மூன்றையும் கணினி வழியாக ஆராய விரும்புகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நல்ல விஷயம். கூடவே, மானிய அறிவிப்பை முழுதாகப் படிக்காமல் கேள்வி அனுப்புகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். அறிவிப்பிலேயே பதில் இருக்கும் ஏழெட்டுக் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

முனைவர் பட்டம் முடித்து ஆறு வருடம் ஆகிறது. ஏற்கனவே இருக்கும் தரவை வைத்து ஆய்வு செய்ய ஆர்21 கேட்பதா, ஆர்01 கேட்பதா?

திட்டம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டும் என்ஐஎச் ஆய்வு மானியங்கள். ஆர்21 புது யோசனையைச் சோதித்துப் பார்க்கும் சின்ன மானியம்: இரண்டு வருடம், மொத்தம் 2.75 லட்சம் டாலர் நேரடிச் செலவு (ஆய்வுக்கே ஆகும் செலவு). ஆர்01 ஐந்து வருடம் வரை போகும், வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் என்றால் விரிவான பட்ஜெட்கூட வேண்டாம், 25 ஆயிரம் 25 ஆயிரமாகக் கேட்டால் போதும். ஆர்21-க்கு முன்தரவு கட்டாயமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு பலர் வெறுங்கையோடு போகிறார்கள். எலி வளர்த்து, செல் வளர்த்து ஆய்வு செய்கிறவர்களுக்கு அந்தச் சலுகை நியாயமானது. தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு சின்னச் சோதனைகூட ஓட்டிப் பார்க்கவில்லை என்றால் மதிப்பீட்டாளர் என்ன நினைப்பார்? பட்டம் முடித்து பத்து வருடத்துக்குள் இருப்பதால் நீங்கள் ஆரம்பநிலை ஆய்வாளர். ஆர்21 வாங்கினால் அந்தத் தகுதி போய்விடாது, ஆனால் அது கைகொடுப்பது ஆர்01-இல்தான். எதற்கும் முதலில் திட்ட அதிகாரியிடம் (நிறுவனத்தில் உங்கள் துறை மானியங்களைக் கவனிப்பவர்) பேசுங்கள். அந்த நிறுவனம் பொது ஆர்21 அறிவிப்பில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அவரே சொல்வார்.

எங்கள் திட்டம் ஓபியாய்டு (அபின் வகை மருந்து) பயன்பாடும் மூளை இணைப்புகளும் பற்றியது. மூன்றாவது நோக்கத்தில் எச்ஐவி உள்ளவர்களின் தரவையும் சேர்த்துப் பார்க்கிறோம். எய்ட்ஸ் நிதியில் இடம் கிடைக்குமா?

நம்பி இருக்காதீர்கள். எச்ஐவி தொடர்பான முன்னுரிமைகளோடு உங்கள் மையக் கேள்வி பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் ஒட்டவைத்த நோக்கம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தின் முதல் வரைவை செயற்கை நுண்ணறிவுச் செயலியை வைத்து எழுதலாமா?

2025 செப்டம்பர் 25-க்குப் பிறகு, பெரும்பகுதி அப்படி உருவான விண்ணப்பத்தை என்ஐஎச் விண்ணப்பதாரரின் சொந்தச் சிந்தனையாகக் கருதாது. ஒரு முதன்மை ஆய்வாளர் ஒரு வருடத்தில் ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் போடக்கூடாது என்ற வரம்பும் அதோடு வந்ததுதான். உங்கள் நோக்கங்களை நீங்களே எழுதுங்கள்.

எங்களிடம் மூளைச் செல்களின் 90,000 நியூக்ளியஸ்களின் (செல் கருக்கள்) ஆர்என்ஏ தரவு இருக்கிறது. எச்ஐவி உள்ள மூளையா, இல்லாத மூளையா என்று எங்கள் கணினி மாதிரி (மாடல்) 97% சரியாகச் சொல்கிறது. மதிப்பீட்டாளர்கள் "ஆய்வில் உள்ளவர்களின் எண்ணிக்கை (சாம்பிள்) சிறியது" என்று எழுதிவிட்டார்கள். இது நியாயமா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எத்தனை பேருடைய மூளை என்ற எண் அதில் எங்கும் இல்லை. விண்ணப்பத்திலும் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மதிப்பீட்டாளர்கள் சொன்னது சரி.

ஒரே மனிதரிடமிருந்து எடுத்த 7,000 நியூக்ளியஸ்களும் ஒரே மரபணு, ஒரே மருந்து வரலாறு, ஒரே மரணம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்பவை. அவை 7,000 சாட்சிகள் ஆகா. பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று செல்களைக் கலைத்துப் பிரித்தால், ஒரே ஆளின் செல்கள் இரண்டு பக்கமும் போய் உட்காரும். மாதிரி அந்த ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது, எச்ஐவியை அல்ல. 97% வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் குழுவே ஒரு விண்ணப்பத்துக்கு இப்படி ஒரு படம் தயாரித்து வைத்திருந்தது. யூமேப் வரைபடம் (ஒத்த செல்களை அருகருகே புள்ளிகளாகக் காட்டுவது), எச்ஐவி உள்ளவர்கள் சிவப்பு, இல்லாதவர்கள் நீலம். நடுவில் வெள்ளையாக இடைவெளி விட்டு இரண்டு தீவுகள். முதல் பக்கத்திலேயே போடுவதாக இருந்தோம். சமர்ப்பிக்க மூன்று நாள் இருக்கும்போது, எங்களோடு வேலை பார்த்த ஒரு மாணவி நிறத்தை மட்டும் மாற்றினார். நோய்க்குப் பதிலாக, திசு எந்த மூளை வங்கியிலிருந்து வந்தது என்பதற்கு ஒவ்வொரு நிறம். அதே இரண்டு தீவுகள், அதே எல்லை. எச்ஐவி உள்ள மூளைகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒரு வங்கியிலிருந்து வந்திருந்தன, ஒப்பீட்டு மூளைகள் இன்னொன்றிலிருந்து. இறந்து எத்தனை மணி நேரம் கழித்து உறைய வைத்தார்கள் என்பதே இரண்டு இடத்திலும் வேறு. அந்த முறை விண்ணப்பம் போடவில்லை. அந்த மாணவிக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

போதைப்பொருள் இதில் சேரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. அளவுக்கு மீறி ஓபியாய்டு எடுத்து இறந்தவரின் மரணம் பெரும்பாலும் திடீர் மரணம். நீண்ட நாள் நோயில் கிடந்து இறந்தவரின் மூளையில் மைக்ரோகிளியா (மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள்) வேறு மாதிரி கிளர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தை "ஓபியாய்டின் விளைவு" என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். அப்புறம், சிகிச்சையில் இருந்தவர்களின் மூளையில் வைரஸ் இருக்கும் செல்கள் மிக அரிது. அவற்றைத் தேடித்தான் இத்தனை ஆயிரம் நியூக்ளியஸ்களைப் படிக்கிறோம். அரிதானதைத் தேடுகிற இடத்தில் மொத்தத் துல்லியச் சதவீதத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எல்லாவற்றையும் "இல்லை" என்று சொல்லும் மாதிரிகூட 99% வாங்கிவிடும்.

மறுபடி போடும்போது இதைச் செய்யுங்கள். எத்தனை பேர் என்பது முதல் பத்தியில் வரட்டும். பயிற்சி-சோதனைப் பிரிவை ஆள் வாரியாக வையுங்கள். முடிந்தால் ஒரு வங்கியை முழுதாக வெளியே நிறுத்திச் சோதியுங்கள். வேறுபாட்டுச் சோதனைகளுக்கு ஒவ்வொரு ஆளின் செல்களையும் செல் வகைப்படி கூட்டி ஒரே எண்ணாக்குங்கள், இல்லையென்றால் ஆளைச் சமவாய்ப்பு விளைவாக (ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைத் தனியாகக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) வையுங்கள். அதே அம்சங்களை வைத்து மூளை வங்கியை ஊகிக்க முடிகிறதா என்று ஓட்டிப் பார்த்து, அந்த எண்ணையும் மறைக்காமல் போடுங்கள். ஆட்களின் எண்ணிக்கையை வைத்துத் திறன் கணக்கு (வித்தியாசம் இருந்தால் கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்பது) போடுங்கள். துல்லியம் 97-இலிருந்து 70-க்கு இறங்கலாம். எனக்கு அந்த 70-இல்தான் நம்பிக்கை. இந்தத் தரவு, தங்கள் மூளையைத் தானமாக எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் தந்தது. அதை வைத்து மூளை வங்கியின் முகவரியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

எச்ஐவி சார்ந்த அறிவாற்றல் குறைபாடு (ஹேண்ட்) இருப்பவர், இல்லாதவர் என்று வகைப்படுத்தும் மாதிரி செய்கிறோம். இந்த அடையாளம் போதுமா?

போதாது. ஹேண்டை வகைப்படுத்தும் 2007 ஃப்ராஸ்காட்டி வரையறையில் மூன்று படிகள் உண்டு: அறிகுறியே இல்லாதது, லேசானது, டிமென்ஷியா. எச்ஐவி உள்ள 1,500 பேருக்கு மேல் பங்கெடுத்த சார்ட்டர் என்ற அமெரிக்க ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு குறைபாடு என்று 2010-இல் வந்தது. ஆனால் மொத்தப் பேரில் டிமென்ஷியா அளவுக்குப் போனவர்கள் 2% தான். மூன்றில் ஒரு பங்கினர் அன்றாட வாழ்க்கையில் அறிகுறியே இல்லாதவர்கள். அந்த வரையறை நல்ல மூளையையும் குறைபாடு என்று சொல்லிவிடுகிறது என்ற விமர்சனம் பழையது. 2023-இல் ஒரு பன்னாட்டுக் குழு, தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்குவதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லாதீர்கள் என்றே பரிந்துரைத்தது. தொடர் மதிப்பெண்களை வைத்து வேலை செய்யுங்கள். கல்வியையும் மனச்சோர்வையும் தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். நரம்பு உளவியலாளர் ஒருவர் குழுவில் இல்லாமல் இந்த விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.

மெத்தாம்ஃபெட்டமின் பயன்படுத்தும் எச்ஐவி நோயாளிகள் முடிவெடுக்கும் விதத்தை வலுவூட்டல் கற்றல் மாதிரியால் (பரிசு, இழப்பிலிருந்து கற்பதைக் கணக்கிடும் மாடல்) அளக்க நினைக்கிறோம். "எச்ஐவி எதற்கு, மெத் மட்டும் போதாதா?" என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி. "இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன" என்பது பதில் ஆகாது. உயிரியல் காரணம் சொல்லுங்கள், அது இருக்கிறது. தொற்று ஏற்பட்ட சில வாரங்களுக்குள் வைரஸ் மூளைக்குள் போய்விடுகிறது. அங்கே தங்குவது மைக்ரோகிளியாவிலும் மேக்ரோபேஜ்களிலும் (இவையும் நோயெதிர்ப்புச் செல்கள்). இந்தச் செல்களில் டோபமைன் (மூளையில் வெகுமதியைச் சொல்லும் வேதிப்பொருள்) ஏற்பிகள் உண்டு. ஆய்வகத்தில் டோபமைன் சேர்த்தால் மேக்ரோபேஜில் தொற்று கூடுகிறது. மெத் செய்யும் முதல் வேலை டோபமைனைக் கொட்டுவது. வெகுமதியைக் கணக்கிடும் ஸ்ட்ரையேட்டம் பகுதி எச்ஐவியாலும் பாதிக்கப்படும் இடம். ஆக, உங்கள் மாதிரியின் கற்றல் வேக அளவுரு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு ஊகம் எழுத முடியும். அதை எழுதுங்கள். இரண்டும் உள்ளவர், ஒன்று மட்டும் உள்ளவர், இரண்டுமே இல்லாதவர் என நான்கு குழுக்களும் வேண்டும். உங்கள் வரைவில் மூன்றுதான் இருந்தன. செயற்கைத் தரவிலிருந்து அளவுருக்களை மாதிரி மீட்டெடுக்கிறதா என்ற சோதனையும் காணோம்.

தரவு எங்கே கிடைக்கும்?

ஒரே வரிக் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்: உயிரோடு இருப்பவர்களின் நீண்டகாலத் தரவுக்கு 1984-இல் தொடங்கிய, ஆண்களுக்கான மாக்ஸ், பெண்களுக்கான வீஸ் என்ற எச்ஐவி ஆய்வுகள் இரண்டும் 2019-இல் இணைந்த கூட்டாய்வு. மூளைத் திசுவுக்கு 1998 முதல் இருக்கும் தேசிய நியூரோஎய்ட்ஸ் திசுக் கூட்டமைப்பு. போதைப்பொருளும் எச்ஐவியும் சேர்ந்த ஒற்றைச் செல் தரவுக்கு நைடாவின் ஸ்கார்ச் என்ற கூட்டுத் திட்டம். எதை எடுத்தாலும் தரவு அகராதியை முதலில் படியுங்கள். "போதைப்பொருள்: ஆம்" என்பது ஒரு இடத்தில் அவரே சொன்னது, இன்னொரு இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை, மூன்றாவது இடத்தில் வாழ்நாளில் ஒருமுறை. கட்டுப்பாட்டு அணுகல் மரபணுத் தரவு என்றால் அனுமதிக்குச் சில மாதங்களை ஒதுக்குங்கள். 2025 ஜனவரி 25 முதல் கணினிப் பாதுகாப்பு விதிகளும் கடுமையாகியிருக்கின்றன. துறையின் பழைய சர்வரில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்கான செலவை பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

பெயர்களை நீக்கிவிட்டோம். தரவுப் பகிர்வுத் திட்டத்தில் அதற்கு மேல் என்ன எழுத வேண்டும்?

நிறைய இருக்கிறது. தலை எம்ஆர்ஐ-யிலிருந்து முகத்தையே மீட்டெடுக்கலாம், அதனால் முகப்பகுதியை அழித்துவிட்டுத்தான் பகிர வேண்டும். எச்ஐவி நிலை, போதைப் பழக்கம், வயது, அஞ்சல் குறியீடு நான்கும் ஒரே வரிசையில் நின்றால் சின்ன ஊரில் பெயர் தேவையே இல்லை. அமெரிக்காவில் தனக்கு எச்ஐவி இருப்பதைச் சொல்லாமல் மறைத்ததைக் குற்றமாக்கும் மாநிலங்கள் இன்னும் உண்டு. போதைப்பொருள் வைத்திருந்தாலும் வழக்குதான். நீங்கள் தரவில் "மாறி" (வேரியபிள்) என்று எழுதுவது அவருக்கு வேலை, பிள்ளைகள், சிறை. 2017 அக்டோபர் முதல் என்ஐஎச் நிதி பெறும் இத்தகைய ஆய்வுகளுக்கு ரகசியக் காப்புச் சான்றிதழ் தானாகவே கிடைக்கிறது. அது நீதிமன்ற ஆணையைத் தடுக்கும், உங்கள் கவனக்குறைவைத் தடுக்காது. 2023 ஜனவரி 25 முதல் பகிர்வுத் திட்டம் கட்டாயம். பகிர முடியாததை ஏன் பகிர முடியாது என்று காரணத்தோடு எழுதலாம், ஏற்றுக்கொள்வார்கள்.

மதிப்பெண் 42 வந்திருக்கிறது. நூற்றுக்கு 42 என்றால் தோல்விதானே?

இல்லை. அளவுகோல் 10-இலிருந்து 90 வரை, குறைவாக இருந்தால்தான் நல்லது. 42-க்கு நிதி வருவது கடினம், ஆனால் மதிப்பீட்டுக் குழுவில் பேசப்பட்ட விண்ணப்பம் அது. 37 மாதங்களுக்குள் ஒருமுறை திருத்திப் போடலாம். இதை அறிவிப்பிலும் பார்த்திருக்கலாம்.

மறைமுகச் செலவு (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது) 15% தான் என்கிறார்களே, அப்படியே எழுதவா?

வேண்டாம். 2025 பிப்ரவரியில் வந்த அந்த அறிவிப்பை நீதிமன்றம் தடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் பேசி முடித்த விகிதத்தை நிதி அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள்.

திட்ட அதிகாரியிடம் பேசுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை.

நீங்கள் எனக்கு அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். பன்னிரண்டு பக்க ஆய்வுத் திட்டம் முழுவதும் இணைப்பில் இருக்கிறது, "உங்கள் கருத்து என்ன?" என்பது மட்டும் கடிதத்தில் இருக்கிறது. யாரால் பதில் எழுத முடியும்? ஒரு பக்க நோக்கங்களை மட்டும் வையுங்கள். கடிதத்தில் மூன்று கேள்விகள்: இது உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா, எச்ஐவி முன்னுரிமையில் வருமா, எந்த மதிப்பீட்டுக் குழு சரியாக இருக்கும்? இருபது நிமிடம் பேச நேரம் கேளுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் அல்ல, இரண்டு மாதம் முன்னால். ஏதாவது ஒரு வருடத்தில் நேரடிச் செலவு ஐந்து லட்சம் டாலரைத் தொட்டால் ஆறு வாரத்துக்கு முன்பே அவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கியாக வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிடுங்கள். நான் பேசிய வரையில் எடுத்துப் பேசுகிறவர்களே அதிகம்.